பொங்கலுக்கு மெழுகிய சுவர்

1990களில் மட்டக்களப்பின் படுவான்கரையில் மலேரியா நுளம்புக்கு மருந்தடிக்கும் குழுக்களோடு திரிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகன் நான். மார்கழியில் ஒரு ஊர் முழுக்க வீட்டுச் சுவர்களுக்கு அடித்துவிட்டு வருவோம். மூன்று கிழமை கழித்துப் போனால் அடித்த சுவடே இராது. களிமண்ணும் சாணமும் குழைத்துப் புதிதாக மெழுகியிருப்பார்கள். ஒருமுறை எரிச்சலில் ஒரு ஆச்சியிடம் சத்தம் போட்டேன். "பொங்கலுக்குச் சுவர் மெழுகாமக் கிடக்கேலுமா மனே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இரத்தம் குடித்த பாரத்தோடு பக்கத்துச் சுவரில் போய்க் குந்தும். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் சாகும். சீமெந்து பூசிய கல்வீட்டில் மருந்து சில மாதம் நிற்கும். மண்சுவரோ பாதியை உறிஞ்சிக்கொள்ளும், மீதியை மெழுகல் மூடிவிடும். ஒரே மருந்து, ஒரே கை. ஆனால் ஏழை வீட்டுக்குக் கிடைத்த காவல் பாதிதான். போதாக்குறைக்குச் சுவருக்கும் கிடுகுக் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. கதவைச் சாத்தி என்ன பயன்? கதிர்காமப் பக்கத்தில் செய்து 1991இல் வெளியான ஆய்வொன்றும் இதையே காட்டியது: மண்சுவர், ஓலைக்கூரை வீடுகளில் இருந்தவர்களை மலேரியா கூடுதலாகப் பிடித்தது.

"வலை கொடுத்தோம், கட்டவில்லை" என்று அலுவலகத்தில் நாங்களும் குறைப்பட்டிருக்கிறோம். பெரும்போக வேளாண்மைக்கு யானைக் காவல் இருந்த ஒருவரோடு ஒரு இரவு பரணில் தங்கிய பிறகு நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். நாலு கம்பும் கொஞ்சம் ஓலையும். வலையை எதில் கட்டுவது? கட்டினாலும் யானை வந்தால் குதித்து ஓட வேண்டியவர் வலைக்குள் படுப்பாரா? வாடைமழை ஓய்ந்து நீர் தேங்கி நிற்கும் தை, மாசியில்தான் இங்கே மலேரியா ஏறும். வயலில் இராத்தங்கும் காலமும் அதுதான்.

1999இல் நாடு முழுக்க 2,64,000இற்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. யுத்தம் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் பெரும் பங்கைச் சுமந்தன. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூர் நோயாளி இல்லை என்றாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் நுளம்பு போகவில்லை. 2018இல் அம்பாறைக்கு அடுத்த மொனராகலையில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. வெளியூரிலிருந்து நோய் வந்தால் அதைப் பரப்ப நுளம்பு இங்கே காத்திருக்கிறது.

இன்று எனக்குப் பயம் சுவரைப் பற்றியல்ல, நாட்கூலியைப் பற்றி. ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ வேலை பார்த்துவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பனடோலோடு மேசன் வேலைக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போகும். போனாலும் டெங்குதான் முதலில் பார்ப்பார்கள். எங்கே போய் வந்தார் என்று யாரும் கேட்காவிட்டால் மலேரியா தப்பிவிடும். மூளையைத் தாக்கும் பல்சிபாரம் வகை மலேரியா உயிரைப் பறிக்க அந்தச் சில நாள் தாமதமே போதும். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும். அதை வேரோடு எடுக்கப் பிரைமாகுயின் குளிசையை 14 நாள் விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் குளிசையையும் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாடு போய் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தாலும், காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் அந்தப் பயணத்தை நீங்களாகவே சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு துளி இரத்தம். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.