மருட்டு: போக்கரின் ‘பிளஃப்’ மோசடி ஆகாது

இணையத்தில் போக்கர் என்ற சீட்டாட்டத்தைப் பழகத் தொடங்குகிறவர்களுக்கு என்று தமிழில் வழிகாட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதி இயந்திரம் பெயர்த்தவை, மீதி அவசரத்தில் மனிதர் பெயர்த்தவை. இரண்டிலுமே ‘பிளஃப்’ வரும் இடத்தில் ‘ஏமாற்று’ அல்லது ‘மோசடி’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘எப்போது மோசடி செய்யலாம்?’ என்று ஒரு துணைத்தலைப்பையே பார்த்தேன். அதே கட்டுரை கொஞ்சம் தள்ளி, ‘மோசடி செய்தால் உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று எச்சரிக்கிறது. புதிதாக வருகிறவர் இதில் எதை எடுத்துக்கொள்வார்?

முதலில் பொருள். கையில் நல்ல சீட்டு இல்லாதபோது, இருப்பவர்போல் பணையத்தை ஏற்றி, எதிராளியைச் சீட்டைப் போட்டுவிட்டு விலகவைப்பதுதான் பிளஃப். பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. நடுவில் மூன்று ஆர்ட்டின் விழுந்திருக்கிறது, உங்களிடம் ஒரு ஆர்ட்டின்கூட இல்லை என்று வையுங்கள். ஆனாலும் பெரிய தொகையை முன்னே தள்ளுகிறீர்கள். ‘இவரிடம் இரண்டு ஆர்ட்டின் இருக்கும்போல, ஐந்தும் ஒரே இனமாகச் சேர்ந்து பலமான கை ஆகிவிட்டது’ என்று எண்ணி எதிராளி விலகினால் நடுவில் உள்ளதெல்லாம் உங்களுக்கு. சீட்டைக் காட்ட வேண்டியதே இல்லை.

சொல் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது என்பதே பரவலான கருத்து. அங்கே ‘பிளஃபன்’ என்றால் வீம்பு பேசுவது, ‘வெர்பிளஃபன்’ என்றால் திகைக்க வைப்பது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கே ‘பிளஃப்’ என்று ஒரு பெயர் இருந்தது. வரலாறு இவ்வளவு போதும். வீம்பு, திகைப்பு என்ற இந்த இரண்டு வேர்ப்பொருளிலும் மோசடிக்கு இடமே இல்லை என்பதுதான் நமக்கு வேண்டியது.

தமிழில் ‘மோசடி’ என்றால் குற்றம். நாளிதழில் மோசடி வழக்கு என்று படித்தால் நம் நினைவுக்கு வருவது பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது, ஆனால் பொருள் மாறவில்லை. போக்கரிலும் உண்மையான மோசடி இருக்கிறது, அதற்குத்தான் இந்தச் சொல் வேண்டும். ஒரே மேசையில் ஆடும் இரண்டு பேர் தொலைபேசியில் தங்கள் சீட்டைப் பகிர்ந்துகொள்வது மோசடி. ஒரே ஆள் பல கணக்குகளில் நுழைவதும், தனக்குப் பதிலாக மென்பொருளை ஆடவிடுவதும் மோசடி. 2007, 2008 ஆண்டுகளில் அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரண்டு தளங்களில், உள்ளே இருந்தவர்களே மற்றவர்களின் மறைவுச் சீட்டைப் பார்த்து ஆடியது அம்பலமானது. அது மோசடி. அதையும் பிளஃபையும் ஒரே சொல்லால் குறித்தால், எது விதிக்குள் எது வெளியே என்பதைத் தமிழில் சொல்லவே வழி இல்லாமல் போய்விடும்.

‘மோசடி’ உறுத்துகிறது என்று உணர்ந்த சிலர் ‘பொய்ப் பந்தயம்’ என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். இது பார்க்க நல்ல தமிழ்போல இருப்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பந்தயத்தில் பொய் எங்கே இருக்கிறது? முன்னே தள்ளிய தொகை உண்மையான தொகை. எதிராளி விலகாமல் அதே தொகையைப் போட்டு ஈடுகட்டினால் அது உண்மையாகவே போய்விடும். நடுவில் 100 சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) இருக்கும்போது நீங்கள் 50 போட்டு பிளஃப் செய்தால், மூன்றில் ஒரு முறையாவது எதிராளி விலகினால்தான் உங்களுக்குக் கைநட்டம் இல்லை. அந்த 50 பொய்யாக இருந்தால் இந்தக் கணக்கு எதற்கு? ‘பொய்ப் பந்தயம்’ என்று படித்த புதியவர், தோற்றாலும் காசு திரும்பி வரும் ஏதோ ஒரு வசதி என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. போதாததற்கு, ஆட்டக்காரர் வாய் திறந்து எதையும் சொல்லவில்லை. தொகையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தவர் எதிராளி. கபடியில் இடது பக்கம் பாய்வதுபோல் போக்குக் காட்டி வலது காலால் தொட்டுவிட்டு வருகிறவனைப் பொய்யன் என்றா சொல்கிறோம்?

பேச்சுத்தமிழில் ‘பாவ்லா காட்டுறான்’, ‘உதார் விடுறான்’ என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. சீட்டாடும் இடத்தில் அவை தாராளமாகப் போதும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உதாரில் வாய்ச்சவடால் கூடுதல், பாவ்லாவில் செய்யாமல் விடுவது கூடுதல். போக்கரில் வாய் பேசுவதில்லை, செயல் முழுதாக நடந்துவிடுகிறது.

என் பரிந்துரை ‘மருட்டு’. மருள் என்றால் மயக்கம், திகைப்பு. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கையும் ஒன்று. மருட்டுதல் என்றால் மயங்கச் செய்தல், அச்சுறுத்தல் இரண்டும். டச்சுச் சொல்லில் இருக்கும் ‘திகைக்க வைத்தல்’ அப்படியே இதில் இருக்கிறது. மலேசியத் தமிழ் நாளிதழ்களில் ‘மருட்டல்’ மிரட்டலுக்கு வழங்குகிறதே என்று கேட்கலாம். கேட்கட்டும். பெரிய பணையம் வைப்பதும் ஒரு மிரட்டல்தான். சொல் வினையாகவும் பெயராகவும் வளையும்: மருட்டினார், மருட்டுக்கு விலகினார். வெல்லும் சீட்டு பின்னால் வர வாய்ப்பிருக்கும்போது ஏற்றுவது ‘அரைமருட்டு’. நடுவில் மூன்று சீட்டு விழுந்த நிலையில் உங்கள் கைச் சீட்டையும் சேர்த்து நான்கு ஆர்ட்டின் இருந்தால், மீதி இரண்டு சீட்டுக்குள் ஐந்தாவது வர ஏறக்குறைய 35 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எதிராளி விலகாவிட்டாலும் வழி இருக்கிறது என்பதால்தான் அது அரை.

சொல் சரியாக இருந்தால் பாடமும் சரியாகும். பணம் இல்லாத இலவச மேசையில்தான் இப்போது நம் ஊரில் இணையத்தில் பழக முடியும், ஏனென்றால் 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றிய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. இலவச மேசையில் இழக்க ஒன்றும் இல்லாததால் யாரும் எளிதில் விலகுவதில்லை. இழப்பு அச்சம் இல்லாதவரை மருட்ட முடியாது. ஆகவே புதியவர் அங்கே மருட்டை விட்டுவிட்டு நல்ல சீட்டுக்குக் காத்திருப்பதே சரி. ‘மோசடி பலிக்காது’ என்று எழுதினால் இந்தக் காரணம் எப்படிப் புரியும்? 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் ரம்மியையும் திறன் ஆட்டங்கள் என்று சொன்னபோதும் இதே குழப்பம்தான். பிளஃபை மோசடி என்றே படித்துவந்த வாசகருக்கு, மோசடி எப்படித் திறன் ஆகும் என்ற கேள்விதான் மிஞ்சும்.

மொழிபெயர்க்கிறவர்கள் ஒரே ஒரு முறை ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தால் பாதித் தவறு போய்விடும். பணையம் ஏற்றாமல் அடுத்தவருக்கு விடும் ‘செக்’ பொத்தானில் ‘சரிபார்’ என்று இருக்கிறது. எதைச் சரிபார்க்க? நடுவில் கடைசியாக விழும் சீட்டான ‘ரிவர்’ இவர்களிடம் ‘ஆறு’ ஆகிவிட்டது. சீட்டுக்கட்டில் ஏற்கெனவே நான்கு ஆறு இருக்கிறது என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. ‘ஐந்தாம் சீட்டு’ என்று எழுதுங்கள்.