வைரஸைத் துரத்தாதீர்கள், சி டிரைவைத் திருப்பி எழுதுங்கள்

வேலூர் காந்தி ரோடு பக்கம் ஏதோ ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவை வீட்டில் செருகினால், ஃபோல்டர்களைக் காணோம். அதே பெயர்களில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்கள்தான் இருக்கும். கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் ஒரு ஸ்கிரிப்டும் ஓடும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் பலருக்குச் சந்தேகமே வராது.

ஆன்டிவைரஸ் தனக்குத் தெரிந்ததைத்தான் அழிக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலோ, வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலோ ஒரு வரி மிச்சமிருந்தால், அடுத்த முறை கணினியைப் போட்டதும் வைரஸ் மறுபடி இறங்கலாம். என்னென்ன மாறியது என்று தேடுவதைவிட, சி டிரைவை முன்பு சுத்தமாக இருந்த நிலைக்கே திருப்பி எழுதுவது நிச்சயமான வழி. அதற்கு அந்தச் சுத்தமான நிலையின் இமேஜ், அதாவது சி டிரைவை அப்படியே பிடித்துவைத்த நகல், கையில் இருக்க வேண்டும்.

இமேஜ் எடுக்கும் நேரம்தான் முக்கியம். 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலரைத் தயார் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். டிரைவர்கள், அப்டேட்கள், பிரிண்டர், தமிழ் கீபோர்டு எல்லாம் முடித்துவிடுங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை டி டிரைவுக்கு மாற்றுங்கள். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற டேபில் அதற்கு வழி இருக்கிறது. மெயில் திறக்கும் முன்பே, குளோனசில்லா போன்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து (விண்டோஸுக்குப் பதிலாக அதைக் கொண்டே கணினியைத் தொடங்கி), வெளி ஹார்டு டிஸ்க்கில் இமேஜ் எடுத்துவிடுங்கள். டேட்டா இருக்கும் பகுதியை மட்டும் நகலெடுத்துச் சுருக்குவதால், சி டிரைவில் 40 ஜிபி நிரம்பியிருந்தால் இமேஜ் அதைவிடச் சிறியதாகவே வரும்.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட் டவுன் செய்தாலும் டிரைவை அரைத்தூக்கத்திலேயே விட்டுவிடும். குளோனசில்லா நகலெடுக்க மறுக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்தால் சரியாகிவிடும். டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்கமான பிட்லாக்கர் போட்டிருந்தால் காலி இடம் எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. முழு டிரைவையும் அப்படியே அள்ளும், இமேஜ் பூதாகரமாகும். முதலில் பிட்லாக்கரை நீக்குங்கள். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: சி டிரைவ் இருக்கும் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) மட்டும் திருப்பாமல் முழு டிஸ்க்கையும் திருப்பக் கொடுத்தால் டி டிரைவில் இருக்கும் படங்களும் போய்விடும். திரையில் சி, டி என்று எழுத்து வராது. அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

திருப்பி எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ் பூட் ஆகாது. பயப்பட வேண்டாம், இமேஜிலிருந்து படிக்க மட்டுமே செய்வதால் அதற்குச் சேதமில்லை, முதலிலிருந்து ஓட்டலாம். வேலை முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். பழைய நிலையின் பிரதிகளை அதே டிஸ்க்கில் வைக்கும் விண்டோஸின் சிஸ்டம் ரீஸ்டோரை நம்பாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். பல ரான்சம்வேர்கள் அந்தப் பிரதிகளைத்தான் முதலில் அழிக்கின்றன.

பொதுக் கணினிகளில் ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் பழையபடி ஆவது வேறொரு முறை. படத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்து எழுதுவதுபோல, டிஸ்க்கில் எழுதப்போகும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு ஃபில்டர் வழிமறித்துத் தனி இடத்தில் வைக்கிறது. ரீஸ்டார்ட்டில் அந்த இடம் காலி. விண்டோஸ் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இது உண்டு, ஹோமில் கிடையாது. அந்த இடத்தின் இயல்பான அளவு 1 ஜிபிதான். நிரம்பினால் கணினி திணறும். அப்டேட்களும் சேர்ந்து மறைவதால் வீட்டுக்கு இது ஒத்துவராது.

இமேஜ் பழையதாகிவிட்டால் திருப்பி எழுதியதும் முதல் வேலை அப்டேட். அது முடிந்ததும் புது இமேஜ் எடுங்கள், பழையதை உடனே அழிக்க வேண்டாம். திருடுபோன பாஸ்வேர்டு திரும்ப வராது; சுத்தமான போனிலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாக் அவுட் கொடுங்கள். குரோமில் உள்நுழையும் முன், உங்கள் கணக்கில் இருப்பதை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக்கும் சிங்க்கையும் கவனியுங்கள். தொல்லை கொடுத்தது குரோமில் சேர்த்த ஒரு எக்ஸ்டென்ஷன் (துணை நிரல்) என்றால், சுத்தம் செய்த கணினிக்குள் சிங்க்கே அதைத் திரும்ப இறக்கிவிடும்.