மலைக்குப் போகும் பைனாகுலரும் அந்தப் பாழாய்ப்போன ‘எக்ஸ்’ கணக்கும்

போன வாரம் மட்டும் மூன்று பேர். மூன்றாவதாக வந்தவர் உறையைப் பிரித்து மேசையில் வைத்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முன் லென்ஸ் இரண்டும் மாணிக்கக் கல் மாதிரி சிவந்து மின்னின. உடம்பில் கொட்டை எழுத்தில் 30×60. முப்பது மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 60 மி.மீ. அகலம் என்று அர்த்தம். அந்த மடங்கைத்தான் ‘எக்ஸ்’ என்பார்கள்.

“சார், நாலு நாள் மலையில உக்காந்து பார்த்தேன். விடியக்காலையிலயும் ஒண்ணும் தெரியல, பொழுது சாயுறப்பவும் தெரியல. கூட வந்தவர் ஒரு பழைய எட்டு எக்ஸை வெச்சுக்கிட்டு, எதிர்ச் சரிவுல ஆடு நிக்குது, பக்கத்துல குட்டி நிக்குதுன்னு எண்ணிக்கிட்டே இருக்கார். இதுல ஏதோ கோளாறு, பாத்துக் குடுங்க.”

கோளாறு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சரிசெய்திருந்தாலும் அவருக்கு ஆடு தெரிந்திருக்காது.

பைனாகுலர், ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி), துப்பாக்கி ஸ்கோப் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டுவது என் பிழைப்பு. நான் வேட்டைக்காரன் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் முறையாக அனுமதி வாங்கி மலை வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு, விலங்குக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் உண்டு, வெறுமனே பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. மூன்று கூட்டமும் மலையில் செய்யும் வேலை ஒன்றுதான். ஒரு சரிவில் உட்கார்ந்துகொண்டு எதிர்ச் சரிவை மணிக்கணக்கில் துழாவுவது. மூன்று கூட்டமும் செய்கிற தப்பும் ஒன்றுதான். பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவது.

அந்த 30×60ஐ அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டினேன். நீங்களும் வீட்டில் செய்யலாம், ஒரு வெர்னியர் காலிப்பர் போதும், பிளாஸ்டிக் ஸ்கேல்கூடப் பரவாயில்லை. பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். சூரியன் பக்கம் மட்டும் வேண்டாம். கண் வைக்கும் லென்ஸின் நடுவில் பொட்டு மாதிரி ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் அகலத்தை அளங்கள். முன் லென்ஸின் அகலத்தை அதால் வகுத்தால் வருவதுதான் உண்மையான உருப்பெருக்கம். அவருடையதில் முன் லென்ஸ் 50 மி.மீ., பொட்டு 2.5 மி.மீ. அதாவது அது 20×50. முப்பதும் பொய், அறுபதும் பொய். போதாததற்குப் பொட்டு வட்டமாகவே இல்லை, ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரி சாம்பல் படிந்து இருந்தது. மலிவான பிரிசம் போட்டால் அப்படித்தான். (அதே வாரம் முதலில் வந்தவருடையதில் 20 என்று எழுதி உள்ளே 8 இருந்தது. ஏமாந்தவர்களில் அவர்தான் அதிர்ஷ்டசாலி.)

சரி, அது உண்மையாகவே 30 ஆக இருந்திருந்தால்? இன்னும் மோசம். இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

10 எக்ஸ் என்றால் 1,000 மீட்டரில் நிற்கும் விலங்கு வெறுங்கண்ணுக்கு 100 மீட்டரில் நிற்பது போல் தெரியும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பைனாகுலர் விலங்கை மட்டும் பெரிதாக்குவதில்லை. உங்கள் கை நடுக்கத்தையும் அதே பத்து மடங்கு பெரிதாக்குகிறது. இருபது என்றால் நடுக்கமும் இருபது மடங்கு. ஏற்றம் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடியும் படத்தில் குதிக்கும். பாறை நிறத்திலேயே இருக்கிற ஒரு காதின் அசைவை, கொம்பின் வளைவை, படமே குதித்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் பிடிப்பீர்கள்? கையில் பிடித்த 20ஐவிட முழங்கையை முழங்காலில் ஊன்றிப் பிடித்த 8 அதிகம் காட்டும். சந்தேகம் இருந்தால் தூரத்துச் சுவரில் சின்ன எழுத்து உள்ள தாள் ஒன்றை ஒட்டி இரண்டிலும் படித்துப் பாருங்கள்.

அடுத்தது பார்வை அகலம். சாதாரண 8×42இல் 1,000 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் தெரியும். 20 எக்ஸில் அதில் பாதிகூடத் தேறாது. ஒரு சரிவு முழுவதையும் தாள் சுருட்டிய குழாய் வழியாகத் தேடுகிற கதைதான். பார்த்த இடத்தையே திரும்பப் பார்ப்பீர்கள், பார்க்காத இடம் பார்க்காமலே போகும்.

மூன்றாவது வெளிச்சம். அந்தப் பொட்டு சொன்னேனே, அதன் வழியாகத்தான் அத்தனை வெளிச்சமும் கண்ணுக்குள் போகிறது. 8×42இல் பொட்டு 5.25 மி.மீ., 10×42இல் 4.2. அவருடையதில் 2.5. நல்ல வெயிலில் கண்மணி இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கிவிடும், அதனால் கடைவாசலில் நண்பகலில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பளிச்சென்றுதான் இருக்கும். மங்கலில் கண்மணி ஐந்து, ஆறு என்று விரியும். விலங்குகள் மேய இறங்குவதும் அந்த நேரத்தில்தான். அப்போது 2.5 மி.மீ. பொட்டு கொடுப்பது 5 மி.மீ. பொட்டு கொடுக்கும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்கு. நண்பகலில் சோதித்து வாங்கிவிட்டு அந்தியில் திட்டினால் யார் பொறுப்பு?

மங்கலில் எவ்வளவு தெரியும் என்று காட்டுவதாகப் பெட்டியில் ‘ட்விலைட் ஃபேக்டர்’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். இரண்டு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது, அவ்வளவுதான். அதன்படி 20×50க்கு 31.6, 8×42க்கு 18.3. லென்ஸ் கண்ணாடியா பாட்டில் அடியா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. சிவப்புக் கோட்டிங்கும் இதே ரகம். சிவப்பு வெளியே மின்னுகிறது என்றால் அந்தச் சிவப்பு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கு வராமல் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். நல்ல கோட்டிங் உள்ள லென்ஸில் வெளிச்சம் பட்டால் பச்சையும் ஊதாவுமாக மங்கலாகத்தான் திரும்பும்.

ஜூம் பைனாகுலரைப் பற்றிக் கேட்காதீர்கள். இரண்டு குழாயிலும் லென்ஸ்கள் மயிரிழை பிசகாமல் ஒன்றாக நகர வேண்டும். நகராது. அதைப் பிரித்து நேராக்கித் தரச் சொல்கிறவர்களிடம் நான் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

நேராக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்றால் படம் இரண்டாகத் தெரியும். கொஞ்சமாகப் பிசகியிருந்தால் இரண்டாகத் தெரியாது, மூளை இழுத்துச் சேர்த்துவிடும். அரைமணி நேரத்தில் தலைவலி வரும், குமட்டும். “எனக்கு பைனாகுலர் ஒத்துக்காது சார்” என்கிறவர்களில் பலருக்கு இதுதான். சோதனை எளிது. தூரத்தில் ஒரு கூரை விளிம்பைப் பாருங்கள், ஒரு கண்ணைச் சில நொடி மூடிச் சட்டென்று திறங்கள். திறந்த கணத்தில் இரண்டு படம் வந்து ஒன்றோடொன்று ஒட்டினால் பிசகியிருக்கிறது. ஒருமுறை பாறையில் விழுந்த பைனாகுலரை, வெளியே கீறல் இல்லை என்பதற்காக அப்படியே அடுத்த பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

என்ன வாங்குவது? 8×42 அல்லது 10×42. பேச்சு முடிந்தது. திறந்த மலை, நிதானமான கை என்றால் 10. மரம் அடர்ந்த சரிவு, நடுங்குகிற கை, வயது என்றால் 8. இரண்டுமே பெரும்பாலும் 650 முதல் 850 கிராமுக்குள் வரும், நாள் முழுக்க நெஞ்சில் தொங்கும். கழுத்து வாரை எறிந்துவிட்டு இரண்டு தோளிலும் மாட்டும் வார் வாங்குங்கள். 15×56 நல்ல கருவிதான், முக்காலி இருந்தால் மட்டும். நேர்க்குழாய் மாடலில் ஃபேஸ் கோட்டிங் (பிரிசத்தின் மேல் போடும் ஒரு பூச்சு) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நுணுக்கம் மழுங்கும். இ.டி. கண்ணாடி (நிறங்கள் பிரிந்து சிதறுவதைக் குறைக்கும் கண்ணாடி) இருந்தால் பனி மேட்டுக்கு எதிரே நிற்கும் கொம்பின் ஓரத்தில் ஊதாக் கோடு குறையும். கைக்காசைப் பொறுத்து.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஒன்று மட்டும் பாருங்கள். லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளியிருந்தால் முழுப்படம் தெரியும் என்று ஒரு அளவு போட்டிருக்கும், ‘ஐ ரிலீஃப்’ என்பார்கள். 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அப்புறம் கண் வைக்கும் ரப்பரை உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். கறுப்பு வளையம் தெரிகிறது என்று வருகிற பைனாகுலர்களில் நான் பாதியை ரப்பரை மடக்கியே ‘ரிப்பேர்’ செய்திருக்கிறேன். அடுத்தது டயாப்டர் வளையம், இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது. இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு வலது கண்ணால் மட்டும் அதே பொருளைப் பார்த்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது வளையத்தைத் திருகுங்கள். ஒருமுறை செய்தால் போதும். பத்து வருஷமாக வைத்திருந்தும் அந்த வளையம் எதற்கென்று தெரியாதவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இனி ஸ்பாட்டிங் ஸ்கோப். அது தேடுவதற்கான கருவி இல்லை. பைனாகுலரில் கண்டுபிடித்ததை ஆணா பெண்ணா, வயது என்ன, காலடியில் குட்டி இருக்கிறதா என்று உறுதி செய்வதற்கு. தவறான விலங்கின் மேல் முடிவெடுக்காமல் இருக்கத்தான் அந்தச் சுமை. 20–60×80 வாங்கி வந்து, “அறுபதில் வைத்தால் மங்குகிறது” என்பார்கள். 80ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள், பொட்டு 1.3 மி.மீ. மங்காமல் என்ன செய்யும்? அதோடு வெயில் ஏறியதும் பாறையிலிருந்து எழும் சூட்டில் காற்று நெளியும். எந்த விலைக் கண்ணாடியும் அந்த நெளிவை நேராக்காது, எண்ணைக் கூட்டக் கூட்ட நெளிவும் கூடும். 25, 30இல் நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது வெயில் தாழக் காத்திருங்கள். முதுகில் சுமந்து ஏறுகிறவர்களுக்கு 60, 65 மி.மீ. ஸ்கோப்பே போதும். மேல் நோக்கிப் பார்க்கவும் உயரம் வேறுபட்ட இருவர் மாறி மாறிப் பார்க்கவும் சாய்ந்த கண் லென்ஸ் சௌகரியம். சட்டென்று இலக்கைப் பிடிக்க நேர் லென்ஸ்.

முக்காலிக்குக் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். நல்ல ஸ்கோப்பை ஆடுகிற முக்காலியில் வைப்பது அவ்வளவும் வீண். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், தரையில் உட்கார்ந்து பாருங்கள். காற்று அடித்தால் பையை நடுவில் தொங்கவிடுங்கள்.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். துப்பாக்கி ஸ்கோப்பைப் பைனாகுலராக்காதீர்கள். “அதுலயே பார்த்துக்குவேன், எதுக்கு இன்னொரு செலவு” என்று என் மேசை முன்னாலேயே ஒருவர் சொன்னார். ஸ்கோப் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் குழலும் பார்க்கிறது. புதருக்குப் பின்னால் அசைந்தது மனிதன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளும் நேரத்தில் குழல் ஏற்கெனவே அவர் மேல் இருக்கும். பைனாகுலர் இல்லையென்றால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

மிச்சம் சின்ன விஷயங்கள். நைட்ரஜன் நிரப்பியது உள்ளே மூடுபனி படியாமல் இருக்க. வெளியே உங்கள் மூச்சுப் பட்டால் படியத்தான் செய்யும். குளிரிலிருந்து சூடான கூடாரத்துக்குள் வந்ததும் பையைத் திறக்காதீர்கள், அது மெல்லச் சூடேறட்டும். மழையில் நனைந்ததைத் தோல் உறைக்குள் அடைத்து அலமாரியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்ணாடியை அரித்த பின் நான் துடைத்தாலும் தழும்பு போகாது. சட்டை நுனியால் துடைக்காதீர்கள், தயவுசெய்து. தூசியை முதலில் ஊதித் தள்ளுங்கள், பிரஷ் போடுங்கள், கடைசியாகத்தான் துணி. சட்டையால் துடைத்த லென்ஸை விளக்கின் கீழ் சாய்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். எத்தனை வருஷம் துடைத்தார்கள் என்றே சொல்லிவிடலாம்.

அந்த 30×60 காரருக்கு மறுநாள் நேராக்கிக் கொடுத்தேன். கூலி வாங்க மனம் வரவில்லை. இத்தனையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

“சார், இப்ப இருவதுன்னுதானே சொன்னீங்க. கொஞ்சம் திருகி முப்பது ஆக்க முடியுமா?”