வீசிங் நின்னுட்டா ஆஸ்துமா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல

ஐப்பசில மழை பிடிச்சதுல இருந்து போகி முடியற வரைக்கும் நம்ம ஊர்ல ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ரொம்ப கஷ்டமான காலம். எல்லாம் அப்பதான் ஒண்ணு மேல ஒண்ணா வந்து சேருது, மழைல சளி ஜுரம் பரவுது, சுவர்ல ஈரம் ஊறி பூஞ்சை பிடிக்குது, தீபாவளி புகை, கொசுவுக்கு பயந்து ஜன்னலை சாத்திட்டு உள்ள கொசுவத்தி, அப்புறம் மார்கழி குளிர். மார்கழி விடியக்காலைல தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கனமா இருக்கும், மேல இருக்கற காத்து அதைவிட வெதுவெதுப்பா இருக்கறதால கீழ இருக்கற புகை மேல ஏற வழியில்லாம நம்ம மூக்கு உயரத்துலயே நிக்கும். 2018 போகி அன்னிக்கு சென்னை ஏர்போர்ட்ல விமானம் இறங்க முடியாம வேற ஊருக்கு திருப்பி விட்டாங்களே, அது இந்த மாதிரி புகையும் பனியும் சேர்ந்து நின்னதாலதான்.

சரி, ஒரே வீடு ஒரே புகை, நாலு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் ஏன் இழுக்குது? அவங்க மூச்சுக்குழாயோட உள் பக்கம் ஏற்கனவே வீங்கி செவந்து போய் இருக்கு. முக்கியமான விஷயம், வீசிங் இல்லாத நல்ல நாள்லயும் அந்த அழற்சி உள்ள இருந்துக்கிட்டேதான் இருக்கும். வெந்த புண்ணு மேல எது பட்டாலும் எரியற மாதிரி, அந்த குழாய்ல புகை, குளிர்ந்த காத்து, தூசி, ஏன் பலமா சிரிச்சா கூட மூணு விஷயம் நடக்கும்: குழாயை சுத்தி இருக்கற தசை இறுக்கும், உள் சுவர் இன்னும் வீங்கும், கெட்டியா சளி சுரக்கும். ஒரு குழாயோட விட்டம் பாதியா குறைஞ்சா காத்து போறதுக்கான தடை ரெண்டு மடங்கு இல்ல, 16 மடங்கு ஏறும். அதுவும் மூச்சை வெளிய விடும்போதுதான் குழாய் இன்னும் சுருங்கும், பழைய காத்து உள்ளயே மாட்டிக்கும், அதனாலதான் இழுப்பு வந்தவங்க "மூச்சு உள்ள போகல"ன்னு சொன்னாலும் உண்மைல அவங்க நெஞ்சு நிறைய வெளிய போக முடியாத காத்துதான் இருக்கும்.

இப்ப மருந்துக்கு வரேன், இங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சால்பியூட்டமால் இன்ஹேலர், பெரும்பாலும் நீல கலர்ல வரும், அது இறுகின தசையை சில நிமிஷத்துல தளர்த்தும், 4ல இருந்து 6 மணி நேரம் தாங்கும். ஆனா வீக்கத்தை அது தொடவே தொடாது. வீக்கத்தை குறைக்கறது புடெசொனைட் மாதிரி இன்ஹேலர்ல மூச்சோட உள்ள இழுக்கற ஸ்டீராய்டு, இது போட்ட உடனே ஒண்ணும் தெரியாது, தினமும் போட்டு நாள் கணக்குல, வாரக் கணக்குலதான் பலன் தெரியும். உடனே சுகம் தர்றதை வெச்சுக்கிட்டு, மெதுவா குணப்படுத்தறதை "இப்பதான் நல்லா இருக்கேனே"ன்னு நிறுத்திடறாங்க. ஜினாங்கற உலக ஆஸ்துமா அமைப்பு 2019ல, 12 வயசுக்கு மேல யாருக்குமே சால்பியூட்டமாலை மட்டும் தனியா வெச்சு சிகிச்சை பண்ணாதீங்கன்னு சொன்னதுக்கு காரணமே இதுதான், லேசான ஆஸ்துமான்னு நினைச்சவங்களுக்கும் திடீர்னு பெரிய அட்டாக் வருது. வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல அந்த நீல இன்ஹேலர் தேவைப்படுதுன்னாலோ, இருமல் மூச்சுத்திணறலால ராத்திரி தூக்கம் கலையுதுன்னாலோ ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட சொல்லணும்.

"இன்ஹேலர் போட்டா பழக்கமாயிடும், மாத்திரை குடுங்க"ன்னு கேட்கறவங்களுக்காக ஒரு கணக்கு. சால்பியூட்டமால் மாத்திரை ஒண்ணு 2 இல்ல 4 மில்லிகிராம், இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். மாத்திரை வயித்துக்கு போய் ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்தி கை நடுங்க வெச்சு நெஞ்சை படபடக்க வெச்சு அப்புறம்தான் நுரையீரலுக்கு போகும், இன்ஹேலர் நேரா அங்கயே போகுது. பழக்கமும் ஆகாது. புள்ளைக்கு இன்ஹேலர் குடுக்க வெட்கப்பட்டு ஒளிச்சு வெக்கற வீடுகளை பார்க்கும்போது மனசு கஷ்டமா இருக்கு, கண்ணாடி போடறதை யாராவது ஒளிக்கறாங்களா?

ஆனா மருந்து தொண்டையோட நின்னுட்டா பிரயோஜனம் இல்ல. ஸ்ப்ரே இன்ஹேலர்னா ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டற பிளாஸ்டிக் குடுவை, கண்டிப்பா வாங்குங்க, பெரியவங்களுக்கும்தான், குலுக்கிட்டு முதல்ல மூச்சை முழுசா விட்டு, ஒரு பஃப் அடிச்சு மெதுவா இழுத்து 10 செகண்ட் அடக்கணும், அடுத்த பஃப் அரை நிமிஷம் கழிச்சு. ஸ்டீராய்டுன்னா முடிஞ்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா வாய்ல வெள்ளையா பூஞ்சை வரும்.

இனி வீட்டுக்குள்ள. மெத்தை தலகாணில இருக்கற தூசிப் பூச்சி கால் மில்லிமீட்டர் கூட சில சமயம் இருக்காது, கண்ணுக்கு தெரியாது, நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோலை தின்னுது, தண்ணியே குடிக்காது, காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்குது. நம்ம கடலோர ஊருங்க அதுக்கு சொர்க்கம். அதோட எச்சத்துல இருக்கற புரதம்தான் ஒத்துக்காம போறது. அலர்ஜி இருக்கறவங்க அதை சுவாசிச்சா மாஸ்ட் செல்லுன்னு உடம்போட எதிர்ப்பு செல் ஒண்ணு ஹிஸ்டமின்ங்கற ரசாயனத்தை கொட்டி சில நிமிஷத்துலயே மூச்சு இறுக்கும், அது அடங்கின மாதிரி இருந்துட்டு 4ல இருந்து 8 மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலை வரும், வீக்கத்தோட. மத்தியானம் பரண் சுத்தம் பண்ணவங்களுக்கு ராத்திரி இழுக்கறதும், சாப்பிட்ட தயிர் மேலயும் வாழைப்பழம் மேலயும் பழி விழறதும் இதனாலதான், சாப்பாடு உண்மைல ஆஸ்துமாவை கிளப்பறது ரொம்ப அபூர்வம். பெட்ஷீட் தலகாணி உறையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணில துவைச்சா பூச்சி சாகும், வெறும் பச்சைத்தண்ணில அலர்ஜி பொருள் கொஞ்சம் போகும், பூச்சி போகாது. விளக்குமாறால பெருக்கறதை விட ஈரத்துணில துடைக்கறது மேல்.

கொசுவத்தி, சாம்பிராணி, மிளகாய் தாளிக்கிற நெடி இதெல்லாம் அலர்ஜி இல்ல, எரிச்சல், அலர்ஜி டெஸ்ட்ல வராது ஆனா குழாயை இறுக்கும். ஒரு கொசுவத்தி எரிஞ்சு முடியறதுக்குள்ள 75ல இருந்து 137 சிகரெட் எரிஞ்ச அளவுக்கு நுண்துகள் வருதுன்னு 2003ல ஒரு ஆய்வு சொல்லிச்சு, அதை மூடின ரூம்ல தூங்கற குழந்தை பக்கத்துல வெக்கறோம். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியாதுன்னா முதல்ல இதை தூக்கி போடுங்க, கொசுவலை கட்டுங்க. வீட்ல யாராவது புகை பிடிச்சா பால்கனில போய் பிடிச்சாலும் சட்டைல ஒட்டிட்டு உள்ள வரும், அதையும் சொல்லித்தான் ஆகணும்.

ஓட்டம் விளையாட்டை நிறுத்த வேண்டியதில்ல, 10 நிமிஷம் வார்ம் அப் பண்ணிட்டு விளையாடட்டும், மருந்து சரியா போனா ஓடலாம். தலைவலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் கடைல வாங்கறதுக்கு முன்னாடி ஆஸ்துமா இருக்குன்னு சொல்லிடுங்க, சிலருக்கு அதுவே பெரிய அட்டாக்கா மாறும்.

ஒரு முழு வாக்கியம் பேச முடியல, விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுக்குது, உதடு நீலம் பூக்குதுன்னா காத்திருக்கக் கூடாது, 108க்கு போன் பண்ணுங்க. படுக்க வெக்காதீங்க, நிமிர்ந்து உட்கார வெச்சு ஸ்பேசர்ல நீல இன்ஹேலரை அரை நிமிஷத்துக்கு ஒரு பஃப்பா 10 பஃப் வரைக்கும் குடுத்துக்கிட்டே இருங்க. ரொம்ப மூச்சு வாங்கறவருக்கு திடீர்னு வீசிங் சத்தமே நின்னு போச்சுன்னா நிம்மதி ஆகாதீங்க, சத்தம் வர்ற அளவுக்குக் கூட காத்து போகலன்னு அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும்.