கடிதத்துக்கு நடுவே ஒரு வசவு

1994 ஏப்ரல் 10. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடியிருந்தார்கள். நிர்வானா இசைக்குழுவின் கர்ட் கோபேன் 27 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒலிபெருக்கியில் அவர் மனைவி கோர்ட்னி லவ்வின் குரல். கணவர் எழுதிவைத்த கடிதத்தை வாசிக்கிறார். வாசித்துக்கொண்டே அவரோடு சண்டை போடுகிறார். கொஞ்சம் கடிதம், கொஞ்சம் வசவு, இடையிடையே அழுகை. கூட்டத்தையும் சேர்ந்து திட்டச் சொல்கிறார். முடிவை அழகாக்கிக் காட்டும் பாட்டுவரி ஒன்று கடிதத்தில் வருகிறது. அதை நினைவில் வைக்காதீர்கள், அது பொய் என்கிறார்.

ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 'பாவி, இப்படித் தவிக்கவிட்டுப் போய்விட்டாயே' என்று ஏசாமல் நம் ஊரில் யார் அழுகிறார்கள்?

நிபுணர்களின் பயம் வேறு. புகழ்பெற்றவரின் தற்கொலை பெரிய செய்தியானால் அடுத்த சில வாரங்களில் தற்கொலைகள் கூடுகின்றன என்று 1974இல் டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர் காட்டியிருந்தார். 1774இல் ஜெர்மன் எழுத்தாளர் கெத்தே எழுதிய நாவலில் காதல் தோல்வியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் நாயகன் பெயரால் அதை 'வெர்தர் விளைவு' என்றார். நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்தபின் ஐந்து மாதங்களில் அமெரிக்காவில் எதிர்பார்த்ததைவிட 1,841 தற்கொலைகள் அதிகம் நிகழ்ந்தன. செய்தி படித்த எல்லோரையும் இது தொற்றுவதில்லை. ஏற்கெனவே நொந்திருப்பவர் அந்தக் கதையில் தன் முகத்தைப் பார்க்கிறார். வலிக்கு இதுவும் ஒரு விடை என்று கதை சொன்னால், அது மனத்தில் தங்கிவிடுகிறது.

'உருக்கமான கடிதம் சிக்கியது' என்ற தலைப்பு ஆபத்தாவது இங்கேதான். கடைசி வார்த்தைகளில் காரணம் முழுவதும் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் 1949இல் லாஸ் ஏஞ்சலீஸ் மரண விசாரணை அலுவலகக் கோப்புகளில் இத்தகைய நூற்றுக்கணக்கான கடிதங்களைக் கண்டார். பின்னர் அவரும் நார்மன் ஃபேர்பரோவும் 33 உண்மைக் கடிதங்களை, மற்றவர்களைக் கற்பனையாக எழுதச்சொல்லி வாங்கிய 33 கடிதங்களோடு ஒப்பிட்டார்கள். தத்துவமெல்லாம் கற்பனைக் கடிதங்களில்தான் அதிகம். உண்மையானவற்றில் இன்னின்னார் இன்னின்னதைச் செய்யவேண்டும் என்ற சில்லறை ஏற்பாடுகள் இருந்தன. அந்த நேரத்தில் மனம் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகிப்போகிறது. இரண்டே வழிதான் தெரியும் என்பது ஷ்னைட்மனின் விளக்கம். அப்படிப்பட்ட மனம் எழுதியதை அப்படியே அச்சிட்டால், வாசகர் கண்ணிலும் அதே குழாயைப் பொருத்துகிறோம்.

வியன்னாவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. அங்கே 1978இல் தொடங்கிய சுரங்க ரயிலில் தற்கொலைகள் கூடிக்கொண்டே போயின. பத்திரிகைகளும் விலாவாரியாக எழுதின. 1987 நடுவில் தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் பத்திரிகைகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்ததும் செய்திகள் சுருங்கின. அடுத்த ஆறு மாதத்தில் அந்த ரயிலில் தற்கொலைகளும் முயற்சிகளும் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: அந்த எண்ணத்தோடு போராடி மீண்டவர்களின் கதைகள் வெளியானபின் தற்கொலைகள் குறைந்திருந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பாபகேனோ விளைவு'. 1791இல் அதே ஊரில் அரங்கேறிய மோட்சார்ட்டின் இசைநாடகத்தில் காதலியை இழந்து சாகத் துணியும் பறவைபிடிப்பவன்தான் பாபகேனோ. மூன்று எண்ணும்வரை பொறுப்பேன் என்கிறான். ஒன்று சொல்லிக் குழல் ஊதுகிறான், இரண்டு சொல்லி மறுபடி ஊதுகிறான். யாராவது தடுக்க மாட்டார்களா என்ற தவிப்பு. மூன்று சிறுவர்கள் வந்து அவன் மறந்துபோன மாய மணிகளை நினைவூட்டுகிறார்கள். அவற்றை ஒலித்ததும் காதலி திரும்பி வருகிறாள்.

கடிதத்தை வாசித்தது இன்றைய வழிகாட்டுதல்களின்படி தவறு. ஆனால் கோர்ட்னி லவ் அதை வாசித்தபடியே எதிர்த்தும் பேசினார். அதே கூட்டத்தில் உதவி கிடைக்கும் இடத்தையும் சொன்னார்கள். பலன் எதனால் என்று அறுதியிட முடியாது. சியாட்டிலில் அந்த வாரங்களில் தற்கொலைகள் கூடவில்லை, உதவி மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகள்தான் கூடின. அப்படி அழைக்க, தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926.