‘ஹேண்ட்பால்’: கால்பந்தில் கை பட்டால் அது கைப்பந்தா?

கால்பந்துச் செய்திகளைத் தமிழில் படிப்பவர்களுக்கு இந்த வாக்கியம் பழகிப்போயிருக்கும்: ‘தடுப்பாட்ட வீரரின் கைப்பந்துக்காக நடுவர் பெனால்டி வழங்கினார்.’ நெடுநாள் பகை கொண்ட இரண்டு அணிகள் மோதிய ஆட்டமாக இருந்துவிட்டால், மறுநாள் முழுவதும் ரசிகர்களின் வாதங்களிலும் இதே சொல் புரண்டுகொண்டிருக்கும். அது கைப்பந்துதான் என்று ஒரு தரப்பு சாதிக்கும். கைப்பந்தே இல்லை என்று மறுதரப்பு மறுக்கும். நடுவர் செய்தது சரியா தவறா என்பதில் அவர்கள் எந்த முடிவுக்கு வந்தாலும், அந்த முடிவுக்குப் போகும் வழியில் ஒரு தவறான சொல்லைத் தூக்கிச் சுமக்கிறார்கள். ‘ஹேண்ட்பால்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரித்து, முதற்பாதிக்குக் கை என்றும் பிற்பாதிக்குப் பந்து என்றும் போட்டு ஒட்டியதில் பிறந்தது இந்தக் ‘கைப்பந்து’. இது மொழிபெயர்ப்பே ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சுருக்கமானது. கையால் பந்தை அடித்தும் எறிந்தும் ஆடும் ஆட்டங்களுக்கு வழங்கிய பெயர்தான் ஹேண்ட்பால். அதையே பின்னாளில், கால்பந்தில் கையைப் பயன்படுத்தும் குற்றத்துக்கும் ஆங்கிலேயர் வழங்கலாயினர். கால்பந்தும் தொடக்கத்திலேயே கையை முழுவதுமாக விலக்கிவிடவில்லை. 1863இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளின்படி, வரும் பந்தை முறையாகக் கையில் பிடித்த வீரர், உடனே குதிகாலால் தரையில் குறியிட்டு ஃப்ரீ கிக், அதாவது எதிரணியின் இடையூறின்றிப் பந்தை உதைக்கும் வாய்ப்பு, கோரலாம். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், கையால் எறிவதும், ஆட்டத்திலிருக்கும் பந்தைத் தரையிலிருந்து கையால் எடுப்பதுமே தடுக்கப்பட்டிருந்தன. 1866இல் அந்தப் பிடிக்கும் உரிமை நீக்கப்பட்டது. 1871இல் கோல் காவலர் என்ற தனி ஆள் விதிக்குள் வந்து, கையைப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு மட்டும் என்றாயிற்று. 1912இல் அவரது உரிமையும் கோலுக்கு முன்னால் கோடிட்ட பெனால்டி பகுதிக்குள் அடங்கியது.

ஒரே சொல் ஓர் ஆட்டத்துக்கும் வேறோர் ஆட்டத்தின் குற்றத்துக்கும் பெயராக நிற்பது ஆங்கிலத்தின் குறை. அந்தக் குறை எல்லா மொழிகளுக்கும் பொதுவானதன்று. ஜெர்மானியர் ஆட்டத்தை ‘ஹான்ட்பால்’ என்கிறார்கள். குற்றத்துக்கு, கையால் ஆடுதல் என்று பொருள்படும் ‘ஹான்ட்ஷ்பீல்’ என்ற வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஸ்பானியத்தில் ஆட்டத்தின் பெயர் ‘பலோன்மானோ’. குற்றத்தைச் சொல்ல ‘மானோ’, அதாவது ‘கை’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். பிரெஞ்சிலும் அப்படித்தான். 1986 ஜூன் 22 அன்று மெக்ஸிகோ நகரின் அஸ்தேகா அரங்கில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா இடக்கையால் அடித்த கோலை உலகம் நினைவில் வைத்திருப்பது ‘கடவுளின் கை’ என்றுதான். தமிழிலும் அப்படியே வழங்குகிறது. அதைக் ‘கடவுளின் கைப்பந்து’ என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. ஸ்பானியத்திலிருந்து வந்த தொடரைச் செம்மையாகத் தமிழாக்கிய நாம், ஆங்கிலத்திலிருந்து வரும் சொல்லிடம் மட்டும் ஏன் இப்படி மண்டியிட வேண்டும்?

தமிழில் இந்தக் குழப்பம் ஆங்கிலத்தில் உள்ளதைவிட மோசமானது. தமிழ்நாட்டில் கைப்பந்து என்றால் வாலிபால். பள்ளிப் போட்டிகளிலிருந்து நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் வரை அதுவே நிலைத்த பெயர். ஆக, ‘கைப்பந்துக்காக பெனால்டி’ என்று எழுதுபவர், வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் ஓர் ஆட்டத்தின் பெயரைக் கால்பந்துக் களத்தில் குற்றமாக அறிவிக்கிறார். கைக்குப் பதிலாகக் கரத்தைப் போட்டுக் ‘கரப்பந்து’ என்றாலும் தப்ப முடியாது. ஈழத்தில் வாலிபாலின் பெயர் கரப்பந்தாட்டம். தமிழ் பேசும் இரண்டு நிலங்களிலும் ஏற்கெனவே குடியிருக்கும் சொற்களை வெளியேற்றிவிட்டு இந்த மொழிபெயர்ப்பு நுழையப் பார்க்கிறது.

சொல்லின் கட்டமைப்பைப் பார்த்தாலும் பிழை விளங்கும். கைப்பந்து என்பது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. விரித்தால் ‘கையால் ஆடும் பந்து’ என்று வரும். கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து, இறகுப்பந்து என இந்த வரிசையில் எல்லாமே ஆட்டங்கள். ‘பந்து’ என்று முடியும் தொகையைக் கேட்டதும் தமிழ்ச் செவி ஓர் ஆட்டத்தைத்தான் எதிர்பார்க்கிறது, ஒரு செயலையன்று. அதனால்தான் அதை வினையாக்க முயல்கிறவர்கள் ‘கைப்பந்து செய்தார்’, ‘கைப்பந்து ஆனது’, ‘நடுவர் கைப்பந்து கொடுத்தார்’ என்றெல்லாம் தடுமாறுகிறார்கள். துணைவினைகளை முட்டுக்கொடுத்தாலன்றி நிற்க முடியாத சொல், அந்தப் பொருளுக்கு உரிய சொல்லாக இருக்க முடியாது.

இதைவிட முக்கியமான குறை இன்னொன்று உண்டு. கை தொடர்பான எல்லாத் தகராறுகளும் ஒரே இடத்தில்தான் முட்டுகின்றன: பந்து கையில் பட்டதா, கையால் பந்தைத் தடுத்தாரா? இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘கையில் பட்டது’ என்பதில் கை ஓர் இடம் மட்டுமே, ஏழாம் வேற்றுமை. வினைக்கு உரியது பந்து. வீரர் எதையும் செய்யவில்லை. ‘கையால் தடுத்தார்’ என்பதில் கை கருவியாகிவிடுகிறது, மூன்றாம் வேற்றுமை. செய்தவர் வீரர், அவருக்கு நோக்கம் இருந்தது என்பது வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. தற்காத்த அணியின் ரசிகர் எவரும் சொல்லிக்கொடுக்காமலே ‘கையில்’ என்கிறார். தாக்கிய அணியின் ரசிகர் ‘கையால்’ என்கிறார். ஆங்கிலேயர் நீண்ட சொற்றொடர்களால் விளக்கும் வேறுபாட்டைத் தமிழ் ஓர் உருபில் வைத்திருக்கிறது. கைப்பந்து என்ற தொகை அந்த உருபை விழுங்கிவிடுகிறது. வாதத்துக்கே அடிப்படையான கேள்வியை அழித்துவிட்டு நம்மை வாதிடச் சொல்கிறது.

விதியும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. கால்பந்து விதிகளில் 12ஆம் விதி, வீரரின் கை பந்தில் பட்டுவிட்டாலே அது குற்றமாகிவிடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தெரிந்தே கையைப் பந்திடம் கொண்டுசெல்வது குற்றம்; ஆட்டத்தின் அசைவுக்குத் தேவையில்லாத வகையில் கையை விரித்து உடற்பரப்பைப் பெரிதாக்கி, அதில் பந்து பட்டாலும் குற்றம்; தன் கையில் பட்ட பந்து நேராகவோ உடனடியாகவோ கோலானால், தற்செயலாகப் பட்டிருந்தாலும் அடித்தவரின் கோல் செல்லாது. ஆக, படுவது ஒன்று, குற்றம் வேறொன்று. முதலாவது கண்ணால் கண்ட நிகழ்ச்சி. இரண்டாவது நடுவரின் முடிவு. ஹேண்ட்பால் என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால், ஒருவர் நிகழ்ச்சியைச் சொல்ல மற்றவர் தீர்ப்பைச் சொல்ல, இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு இரவு முழுவதும் சண்டையிடுகிறார்கள்.

2024 ஜூலை 5 அன்று ஷ்டுட்கார்ட்டில் நடந்த ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குகுரெய்யா கையில் பட்டது. கூடுதல் நேரம், இரு அணிகளும் 1-1 என்ற நிலையில் இருந்தன. பட்டதில் எவருக்கும் ஐயமில்லை. நடுவர் ஆண்டனி டெய்லர் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஸ்பெயின் 2-1 என்று வென்றது. இதைப் பற்றித் தமிழில் ‘அது கைப்பந்தா இல்லையா’ என்று கேட்டால், கேள்வியே புரியாது. ‘கை பட்டது, அது குற்றமா’ என்று கேட்டால் உடனே விளங்கும். 2007 ஜூன் 9 அன்று பார்சிலோனாவும் எஸ்பன்யோலும் மோதிய ஒரே நகர் அணிகளின் ஆட்டத்தில் மெஸ்ஸி கையால் பந்தை வலைக்குள் தள்ளினார். நடுவர் அதைக் கோல் என்றே அறிவித்தார். அங்கே நிகழ்ச்சி உண்டு, தீர்ப்பு இல்லை. 2018 உலகக் கோப்பை இறுதியில், கார்னரிலிருந்து வந்த பந்து குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்டபோது, நடுவர் பித்தானா ஓடிப்போய்த் திரையில் பார்த்துவிட்டு வந்து பெனால்டி கொடுத்தார். அங்கே நிகழ்ச்சிக்கும் தீர்ப்புக்கும் இடையிலான இடைவெளியை உலகமே உட்கார்ந்து பார்த்தது. அந்த இடைவெளிக்கு இடங்கொடுக்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

அதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் எவரும் ‘கை பட்டிருச்சு’ என்றுதான் கத்துகிறார்கள். நிகழ்ச்சிக்குக் ‘கைபடல்’ என்றும், தண்டனைக்குரியதாக நடுவர் முடிவு செய்ததற்குக் ‘கைபடு குற்றம்’ என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. ‘படு’ என்ற வினை யார் செய்தார் என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே தீர்ப்பை முந்திக்கொண்டு எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இங்கே வல்லினம் மிகக் கூடாது. கை எழுவாய், படுதல் வினை. கைபடல் என்றே எழுத வேண்டும். ‘ப்’ போட்டுவிட்டால் ‘தன் கைப்பட எழுதிய கடிதம்’ என்பதிலுள்ள கைப்பட வந்துவிடும். அது வேறு பொருள்.

‘கரத்தீண்டல்’ என்றொரு சொல்லைத் தூய தமிழ் என்ற பெயரில் முன்வைத்தால் அதையும் நான் ஏற்க மாட்டேன். கரம் வடசொல்; கை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது கரத்தைக் கொண்டுவருவதில் என்ன தூய்மை இருக்கிறது? தீண்டல் இன்னும் மோசம். பாம்பு தீண்டும், நஞ்சு தீண்டும். அதற்கு மேல், தீண்டாமை என்ற கொடுமையின் சுமையைத் தாங்கிய சொல் அது. ஒரு பந்து தோலில் உரசியதைச் சொல்ல அந்தச் சொல்லைக் கூப்பிடுவது பொறுப்பற்ற செயல். ‘கையாடல்’ என்று நினைத்தால் அது பணத்தைச் சுருட்டுவது. ‘கைத்தவறு’ என்றால் அறியாமல் நேர்ந்தது என்ற பொருள் முன்பே வந்து நிற்கும். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவின் கோலைக் கோட்டருகே நின்று இரு கைகளாலும் தடுத்துச் சிவப்பு அட்டை பெற்ற சுவாரெஸைப் பற்றிக் கைத்தவறு என்று எழுத முடியுமா?

கை என்ற சொல்லில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ மணிக்கட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேலுள்ள பகுதிக்கு வேறு சொல். எனவே அவர்களுடைய விதி இரண்டு சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் விரல்நுனி முதல் தோள்வரை கைதான். 2020இல் தெளிவாக்கப்பட்ட விதியின்படி, அக்குளின் கீழ்விளிம்புக்கு நேரான கோடே கையின் மேல் எல்லை. அதற்கு மேல் பட்டால் தோளில் பட்டதாகக் கொள்ள வேண்டும். ‘அக்குளுக்குக் கீழே கை, மேலே தோள்’ என்ற ஒரே தொடரில் இதைத் தமிழில் விளக்கிவிடலாம். ஆனால் வரும் மொழிபெயர்ப்புகளில் ‘கை/புயம்’ என்று சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். மூலத்தில் சாய்கோடு இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் அது இருக்க வேண்டுமா?

இதே போக்குதான் ‘இயற்கைக்கு மாறான நிலையில் கை’ என்று எழுத வைக்கிறது. ஆங்கில விதி உடல் இயல்புக்கு மாறாக அகலமாவதைச் சொல்கிறது. இயற்கைக்கு மாறானது என்று தமிழில் சொன்னால் பிறழ்ச்சி, ஒழுக்கக்கேடு, அருவருப்பு என்றெல்லாம் பொருள் விரியும். கையை உயர்த்திக் குதித்த ஒரு தடுப்பாட்ட வீரரை அந்தச் சொல்லால் வருணிப்பது அவருக்குச் செய்யும் அநீதி. ‘தேவையின்றிக் கையை விரித்திருந்தார்’ என்றால் போதும். விதி கேட்பதும் அதைத்தான். மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுக்குச் சொல் தேடுவதை விட்டுவிட்டு, நடுவர் எதைப் பார்த்து விசில் ஊதினார் என்று ஒரு கணம் யோசித்தால், இந்தச் சொற்கள் தாமாகவே வந்துவிடும். ஆட்டத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து எழுதுவதால்தான் இவ்வளவும் நேர்கிறது.

கோல் காவலர் தொடர்பாக ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். தன் பெனால்டி பகுதிக்கு வெளியே அவர் பந்தைக் கையால் தொட்டால், மற்ற வீரர்களைப் போல அவருக்கும் அது கைபடு குற்றம். சக வீரர் வேண்டுமென்றே காலால் அவரிடம் அனுப்பிய பந்தை உள்ளேயே கையால் எடுத்தால் அது 1992இல் வந்த விதியை மீறுவது. அதற்குப் பெனால்டி கிடையாது, நேராகக் கோல் அடிக்க முடியாத மறைமுக ஃப்ரீ கிக் மட்டுமே. ஆகவே அதைக் கைபடு குற்றம் என்று எழுதக் கூடாது. ‘காவலர் சக வீரர் தந்த பந்தைக் கையில் எடுத்தார்’ என்று முழு வாக்கியமாகவே எழுத வேண்டும்.