காய்வது வேறு, ஆறுவது வேறு

பைக்கில் சறுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டவரைப் பார்த்தால் நாலாம் நாள் யாராவது கேட்பார்கள்: "புண் காய்ஞ்சிடுச்சா?" ஈரம் பட்டால் சீழ் பிடிக்கும், காய்ந்தால் ஆறும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பவுடர் தூவுவதும், காற்றாட விடுவதும், ஒரு வாரம் குளிக்காமல் இருப்பதும் அதிலிருந்து வருபவை. தோல் வேலை செய்யும் விதமோ இதற்கு நேர் எதிர்.

சிராய்ப்பில் மேல்தோல் பெயர்ந்துபோனாலும், மயிர்க்கால்களின் குழிகளும் வியர்வைச் சுரப்பிகளின் குழாய்களும் அடியில் தப்பித்துக்கொள்ளும். அவற்றின் சுவர்களும் மேல்தோல் செல்களால் ஆனவைதான். அடிபட்ட ஒரு நாளுக்குள் அந்தச் செல்கள் கிளம்பிவிடும். புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கூட்டம், நடுவே ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் ஒரு கூட்டம் என்று நகர்ந்து வந்து ஒன்றோடொன்று கைகோக்கும். அகலமான சிராய்ப்பு பத்து நாளில் மூடிக்கொள்வதும், அதே அளவு ஆழமான புண் மாதக்கணக்கில் இழுப்பதும் இதனால்தான். ஆழமான புண்ணில் மயிர்க்கால்களும் போய்விட்டன. ஓரத்திலிருந்து மட்டுமே தோல் வளர்ந்து வர வேண்டும்.

இந்தச் செல்கள் நகர ஈரமான தளம் வேண்டும். புண் உலர்ந்து பொருக்கு கட்டிவிட்டால் அவை அதற்கு அடியில், நொதிகளால் கரைத்துக் கரைத்துச் சுரங்கம் தோண்டிக்கொண்டுதான் போக முடியும். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார், மற்றவற்றைத் திறந்து விட்டார். மூடியவற்றில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடிக்கொண்டது. இன்றைய டிரெஸ்ஸிங் முறைகளின் வேர் இந்தச் சோதனைதான். பொருக்கைப் பிய்த்தால் என்ன ஆகும் என்பதும் இப்போது புரியும்: அடியில் ஊர்ந்து வந்த புதுத் தோலும் கூடவே வந்துவிடும், வேலை முதலிலிருந்து தொடங்கும்.

சரி, அடிபட்டவுடன் என்ன செய்வது? ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவே நடுவே எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த உறைவு ஒவ்வொரு முறையும் பிய்ந்துபோகும். நின்றதும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் கழுவுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் எதுவும் போதும். தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தால், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முக்கால் டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவிட்டுக் கழுவலாம். மருத்துவமனையில் ஏற்றும் சலைனின் 0.9 சதவீதத்துக்கு அது கிட்டத்தட்ட வந்துவிடும். சோப்பு சுற்றியுள்ள தோலுக்கு மட்டும். உள்ளே தங்கிய மண் துகளை இடுக்கியால் எடுத்தே ஆக வேண்டும். விட்டால் புண் ஆறாது. ஆறினாலும் பச்சை குத்தியது போல நீலத் தழும்பாக நிற்கும். நாய், பூனை கடித்தது என்றால் கணக்கு வேறு: சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சள், மிளகாய் எதுவும் வைக்காமல், நேரே மருத்துவமனைக்கு.

காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை எல்லாம் வேண்டாம். ரத்தத்தை நிறுத்துவது போலத் தெரியும். உண்மையில் அள்ளிப் போட்ட தூசி அது. மஞ்சளில் உள்ள குர்குமினுக்குக் கிருமிகளை எதிர்க்கும் தன்மை ஆய்வகத்தில் உண்டு. ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவது மனதுக்குத் திருப்தியாக இருக்கும். அது கிருமியோடு சேர்த்துப் புண்ணை மூட வரும் செல்களையும் கொல்கிறது. டெட்டாலும் பொவிடோன் அயோடினும் தினமும் ஊற்றினால் அதே கதைதான். அழுக்கான காயத்துக்கு முதல் நாள் ஒரு முறை அயோடின் போட்டால் போதும். ஆன்டிபயாட்டிக் பவுடர் நிணநீரோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகும். அதிலுள்ள நியோமைசின் சிலருக்கு ஒவ்வாது. புண்ணைச் சுற்றிச் சிவந்து, அரித்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்தால், சீழ் வைக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தூவுவார்கள்!

தேவையானது வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, மெல்லிய பூச்சாக. அதன் மேல் ஒட்டாத பாரஃபின் காஸ் (ஜெல்லி தோய்த்த வலைத்துணி) அல்லது சாதா பிளாஸ்திரி. பஞ்சை நேரடியாக வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். தினம் ஒரு முறை, அல்லது நனைந்தால், மாற்றுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காமல் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். பிளாஸ்திரியை எடுக்கும்போது சுற்றிலும் தோல் துணி துவைத்த விரல் போல வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் அதிகமாகிவிட்டது; ஜெல்லியைக் குறைத்து, அடிக்கடி மாற்றினால் சரியாகும்.

எத்தனை நாளில் ஆற வேண்டும்? தையல் பிரிக்கும் நாட்களே நல்ல அளவுகோல்: முகத்தில் 3 முதல் 5 நாள், கையில் 7 முதல் 10, காலில் 10 முதல் 14. ரத்த ஓட்டத்தின் வித்தியாசம் அது. கணுக்கால் காயத்தை நெற்றிக் காயத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படுபவர்கள் நிறைய. முதல் இரண்டு, மூன்று நாள் ஓரம் லேசாகச் சிவந்து வீங்குவது இயல்பு. வெள்ளை அணுக்கள் குப்பை அள்ளும் நேரம் அது. புண் மேல் படியும் மஞ்சள் படலம் பெரும்பாலும் சீழ் அல்ல, ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதம். அதைச் சுரண்ட வேண்டாம்.

மூடிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. முதல் வார இறுதியில் புதுத் தழும்பின் உறுதி பழைய தோலில் சுமார் 3 சதவீதம், மூன்று மாதத்தில் அதிகபட்சம் 80. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பின்னுவதற்கு வைட்டமின் சி வேண்டும். 1740களில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பலில், வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட ஒரு மாலுமிக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்டு ஆறியிருந்த காயம் மறுபடி திறந்துகொண்டது. தழும்பைக்கூட உடல் தினமும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது. நம் வீடுகளில் காயம் பட்டவருக்கு முட்டை, மீன், கத்திரிக்காயை நிறுத்திப் பத்தியம் வைப்பது, கொத்தனார் வந்த நாளில் செங்கலை நிறுத்துவது போன்றது. ஒவ்வாமை இருந்தாலொழிய எதையும் நிறுத்த வேண்டாம். நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆறவில்லை என்றால் முதலில் புண்ணின் அருகிலேயே காரணத்தைத் தேடுங்கள். உள்ளே முள்ளோ கண்ணாடித் துணுக்கோ தங்கியிருக்கலாம். செருப்பு வார் தினமும் அதே இடத்தில் உராயலாம். பூசுகிற களிம்பே காரணமாகவும் இருக்கலாம்: மருந்துக்கடையில் "புண்ணுக்கு ஏதாவது" என்று கேட்டு வாங்கிய கிரீமில் பெட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டாசோல் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் எரிச்சலும் உடனே அடங்கும். அவை அடங்குவதே பிரச்சினை. புண் ஆறுவதன் முதல் படியே அந்தச் சிவப்பும் வீக்கமும்தான்; அதை அது நிறுத்திவைக்கிறது. அடுத்ததாக ரத்தசோகை, புகைப்பழக்கம், காலில் சுருள் நரம்பு (வெரிகோஸ் வெயின்). பிறகு சர்க்கரை.

சர்க்கரை உயர்ந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகும், நுண் ரத்தக்குழாய்கள் கெடும். ஆனால் பாதப் புண்ணில் பெரிய வில்லன் வலி தெரியாமல் போவது. இது முதலில் தெளிவானது சர்க்கரை நோயில் அல்ல. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் சதை தானாக அழுகுகிறது என்ற எண்ணத்தை மறுத்தார். உணர்ச்சியில்லாத பாதம் அதே புண் மீதே நடந்து நடந்து அதை நசுக்குகிறது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை விலக்கினால் ஆறுகிறது. அங்கே அவர்களுக்காக மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செய்த காலணிதான் இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு. சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் புண் என்றால், வலிக்காவிட்டாலும், வீட்டு வைத்தியம் இல்லை. அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆணி குத்தியது தனி ரகம். டெட்டனஸ் கிருமிக்குக் காற்றில்லாத ஆழம் வேண்டும். துரு அல்ல, மண்ணில் உள்ள வித்துகளே காரணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.டி. ஊசி என்ற பழக்கத்துக்கு அவசியமில்லை. அடிப்படைத் தவணைகள் முழுதாகப் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டும், அழுக்கான அல்லது ஆழமான காயத்துக்கு 5 ஆண்டும் கடந்திருந்தால்தான் இன்னொன்று.

சிவப்பு பரவுகிறதா என்ற சந்தேகம் வந்தால் அதன் எல்லையைப் பேனாவால் வரைந்துவிடுங்கள். கோட்டைத் தாண்டினாலோ, சிவப்புக் கோடு மேலேறினாலோ, இடுக்கில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூன்றாம் நாளுக்குப் பின் வலி கூடினாலோ அன்றே போக வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வெறுமனே தாமதமாகிறது என்றால், கழுவிய பிளாஸ்டிக் கவரை இரண்டாக மடித்துப் புண் மேல் வைத்து, மேல் மடிப்பில் மார்க்கரால் ஓரத்தை வரைந்து, தேதி போடுங்கள். புண்ணைத் தொட்ட அடி மடிப்பை வெட்டி எறிந்துவிடலாம். வாரம் ஒருமுறை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டு வாரத்தில் வட்டம் சுருங்கவில்லை என்றாலும், நான்கு வாரத்தில் மூடவில்லை என்றாலும், அந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.